டைட் எண்டை வைட் ரிசீவர் ஆக்கிக் கெடுக்காதீர்கள்

அமெரிக்கக் கால்பந்தில் டைட் எண்ட் என்பவர், தாக்கும் அணியின் முன்வரிசையான லைனின் நுனியில் நின்று எதிரியைத் தடுக்கவும் (பிளாக்) பாஸ் பிடிக்கவும் செய்பவர். ஓரத்தில் நின்று பாஸ் பிடிப்பதையே வேலையாகக் கொண்டவர் வைட் ரிசீவர். பந்தை நன்றாகப் பிடிக்கிற டைட் எண்ட் ஒருவர் கிடைத்துவிட்டால், பல கோச்சுகள் முதல் வேலையாக அவரை லைனிலிருந்து பிரித்து ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். ஆறடி ஐந்து அங்குலம், 250 பவுண்டு, நீளக் கை, கூடவே வேகம். இப்படிப்பட்டவரைப் பிளாக் பண்ணவைத்து ஏன் வீணாக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். ஃபேன்டஸி லீக் ஆடும் நண்பர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

என் கட்சி நேர் எதிர். ஓரத்திலேயே நிரந்தரமாக நின்றால் அவர் கொஞ்சம் மெதுவான வைட் ரிசீவர், அவ்வளவுதான். எதிரணி ஒரு கார்னர்பேக்கை (ஓர ரிசீவரைக் காக்கும் தடுப்பாளரை) அவர்மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும். ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கும் கணத்துக்கு) ஒரு நொடி முன்புவரை "இந்த ஆள் பிளாக் பண்ணப் போகிறாரா, பாஸ் பிடிக்க ரூட் (வகுத்த பாதை) ஓடப் போகிறாரா" என்று எதிரணி முழித்துக்கொண்டிருக்க வேண்டும். டைட் எண்டுக்குக் கொடுக்கிற சம்பளமே அதற்குத்தான்.

கணக்கு எளிது. எந்த ஆட்களை இறக்குகிறார்கள் என்பதைச் சொல்லும் இரண்டு இலக்கங்களில் முதலாவது ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்) எத்தனை பேர், இரண்டாவது டைட் எண்ட் எத்தனை பேர். லைனின் ஐவரும் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கும் போக மீதி ஐந்து பேரில் மிச்சம் வைட் ரிசீவர்கள். 11 என்றால் ஒரு பேக், ஒரு டைட் எண்ட், மூன்று ரிசீவர். 12 என்றால் இரண்டு டைட் எண்ட், இரண்டு ரிசீவர். 11 வந்தால் எதிரணி பெரும்பாலும் ஐந்தாவது டிஃபென்சிவ் பேக்கை (பாஸைத் தடுக்கும் சின்ன உடம்புக்காரரை) இறக்கி நிக்கல் என்ற அமைப்புக்குப் போகும். 12 வந்தால்தான் குழப்பம். நிக்கலோடு நின்றால் அந்தச் சின்ன ஆள் பக்கமாகவே பந்தை ஓட்டுவார்கள் (கையில் ஏந்தி ஓடுவார்கள்). மூன்று லைன்பேக்கரை (லைனுக்குப் பின்னே நிற்கும் கனமான தடுப்பாளர்களை) வைத்துக்கொண்டால் அதில் ஒருவர் நல்ல டைட் எண்டைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டும்.

2011இல் என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) அணியான நியூ இங்கிலாந்து இரண்டு டைட் எண்டுகளை வைத்து இதைத்தான் செய்தது. ராப் கிரான்கவுஸ்கி 90 கேட்ச், 1,327 யார்டு, 17 டச்டவுன். ஆரன் ஹெர்னாண்டஸ் 79 கேட்ச், 910 யார்டு, 7 டச்டவுன். இதோடு ஹடில் போடாமல் (பிளேக்கு முன் கூடிப் பேசாமல்) அடுத்தடுத்து ஆடினார்கள். தாக்கும் அணி ஆளை மாற்றினால்தான் ரெஃபரி எதிரணிக்கும் மாற்ற நேரம் கொடுப்பார், மாற்றாவிட்டால் கிடையாது. அதே பதினொரு பேர் ஒரு பிளேயில் நெருக்கி நின்று பந்தை ஓட்டுவார்கள், அடுத்ததில் விரிந்து நிற்பார்கள். தப்பான ஆட்களோடு மாட்டிக்கொண்ட எதிரணிக்கு வெளியே வர வழியில்லை. (அந்த சீசனின் சூப்பர் பௌல் இறுதிப் போட்டியில் கணுக்கால் காயத்தோடு ஆடிய கிரான்கவுஸ்கிக்குக் கிடைத்தது 2 கேட்ச், 26 யார்டு. கோப்பை ஜயண்ட்ஸுக்குப் போனது.)

எதிர்ப்பக்க உதாரணம் கைல் பிட்ஸ். 2021 டிராஃப்டில் (புதுமுகங்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) அட்லாண்டா 4ஆவதாக எடுத்தது. எந்த டைட் எண்டும் அவ்வளவு மேலே போனதில்லை. முதல் சீசனிலேயே 1,026 யார்டு எடுத்தார், டச்டவுன் மட்டும் ஒன்றே ஒன்று, அதுவும் லண்டனில் நடந்த ஆட்டத்தில். அவர் லைனை ஒட்டி நின்றதைவிட ஸ்லாட்டிலும் (லைனுக்கும் ஓர ரிசீவருக்கும் இடைப்பட்ட இடத்திலும்) ஓரத்திலும் நின்றதுதான் அதிகம். அடுத்த ஆண்டு குவார்ட்டர்பேக் மாறினார், பிட்ஸுக்கு முழங்காலில் அடி, 10 ஆட்டத்தில் 28 கேட்ச். பழியை முழுக்க அவர் நின்ற இடத்தின்மேல் போடுவது நியாயமில்லை. ஆனால் அவரை எப்படிக் கவர் செய்வது என்ற கேள்விக்கு எதிரணிகளுக்கு விடை சீக்கிரமே கிடைத்துவிட்டது.

சரி, எப்படித்தான் பயன்படுத்துவது?

முதலில் எதிரணியின் முந்தைய நாலைந்து ஆட்டங்களின் ஃபிலிமை எடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். டைட் எண்ட் லைனில் நின்றால் அவர்மேல் யார் வருகிறார்? ஸ்லாட்டில் நின்றால் யார்? ஓரத்தில் தனியாக நின்றால் யார்? லைன்பேக்கரா, சேஃப்டியா (ஆழத்தில் நிற்கும் கடைசித் தடுப்பாளர்), நிக்கல் கார்னரா (ஸ்லாட்டைக் காக்கும் ஐந்தாவது பேக்), வெளி கார்னரா? நான்கு பதிலும் வேறு வேறு ரூட்டைக் கேட்கும். லைன்பேக்கர் என்றால் ஓடவிட்டுத் திருப்புங்கள். சேஃப்டி என்றால் உடம்பைக் குறுக்கே கொடுத்து ஸ்லாண்ட் (உள்ளே சாய்வாக வெட்டும் ரூட்). சின்ன நிக்கல் என்றால் பந்தை உயரத்தில் போடலாம், அதைவிட நல்லது அவர் பக்கமே பந்தை ஓட்டுவது. சிறந்த வெளி கார்னரே வந்தால் டைட் எண்டுக்குப் போடாதீர்கள், அவர் வேலை அங்கே முடிந்துவிட்டது. 2013இல் நியூ இங்கிலாந்தின் கார்னர் அக்கீப் தாலிப், நியூ ஆர்லியன்ஸின் டைட் எண்ட் ஜிம்மி கிரேமைத் தொட்டுக்கொண்டே நின்று ஒரு கேட்ச்கூடக் கொடுக்கவில்லை. அந்த ஆட்டத்தில் நியூ இங்கிலாந்து நியூ ஆர்லியன்ஸை 30-27 என வென்றது. அப்படி ஒருவர் வந்து ஒட்டிக்கொண்டால் எதிர்ப்பக்கம் நிற்கும் வைட் ரிசீவரின் முன்னே இரண்டாம் தர கார்னர்தான் இருப்பார். குவார்ட்டர்பேக் அங்கே பார்க்க வேண்டும்.

இனி ரூட். எல்லா ரூட்டையும் ஒரே சீசனில் கற்றுக்கொடுக்க ஆசைப்படாதீர்கள். எனக்கு மூன்று போதும், நான்காவது போனஸ்.

ஸ்டிக்தான் அடிப்படை. 5 முதல் 6 யார்டு நேராகப் போய், உள்கால் ஊன்றித் திரும்ப வேண்டும். எதிரணி ஸோனில் (ஆளை அல்ல, இடத்தைக் காக்கும் முறையில்) இருந்தால் அங்கேயே நின்று, லைன்பேக்கருக்கு எதிர்ப்பக்கத் தோளைக் காட்ட வேண்டும். மேன் கவரேஜ் (ஆளுக்கு ஆள் காவல்) என்றால் நிற்காமல் வெளியே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதே பக்கம் ரன்னிங் பேக் ஃபிளாட்டுக்குப் (லைனை ஒட்டிய ஓரப் பகுதிக்கு) போவார், வெளி ரிசீவர் நேராக ஓடி கார்னரை இழுத்துக்கொண்டு போவார். குவார்ட்டர்பேக் பார்க்க வேண்டியது ஃபிளாட்டைக் காக்கும் ஒரே ஒருவரைத்தான். அவர் பேக்கோடு வெளியே போனால் ஸ்டிக், நின்றால் ஃபிளாட். இவ்வளவு எளிதான பிளே ஏன் கெடுகிறது? மூன்றாவது டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவதில்) 5 யார்டு வேண்டும்போது 4 யார்டிலேயே திரும்பிவிடுவார்கள். இல்லாவிட்டால் திரும்பிய பிறகு கால் நிற்காமல் மேலே நகர்ந்துகொண்டே போவார்கள், பின்னாலிருந்து வரும் லைன்பேக்கர் முன்னே பாய்ந்து பந்தைத் தட்டிவிடுவார். பந்தை நோக்கி அரை அடி திரும்பி வரப் பழக்க வேண்டும்.

ஸீம் இரண்டாவது. ஆழத்தில் ஒரே சேஃப்டி நடுவில் நின்றால் ஹாஷ் கோட்டுக்கு (மைதானத்தின் நடுவே நீளவாக்கில் போகும் இரு கோட்டு வரிசைகளில் ஒன்றுக்கு) வெளியே நேராக ஓட வேண்டும். இரண்டு சேஃப்டி பிரிந்து நின்றால் 10, 12 யார்டில் உள்ளே வளைந்து இருவருக்கும் நடுவில் நுழைய வேண்டும். இங்கே ஒரு விஷயம். என்எஃப்எல் மைதானத்தில் இரண்டு ஹாஷ் வரிசைக்கும் நடுவே 18 அடி 6 அங்குலம்தான். கல்லூரி மைதானத்தில் 40 அடி. அதனால் என்எஃப்எல்லில் நடு சேஃப்டி ஒருவரே இரண்டு ஸீமுக்கும் எட்டி வந்துவிடுவார். எதிர்ப்பக்க ஸீமிலும் ஒருவரை ஓடவிட்டு அவரைக் கட்டிப்போடாவிட்டால் இந்த ரூட் தற்கொலை. பந்து லைன்பேக்கர் தலைக்கு மேலே, சேஃப்டி வந்து சேர்வதற்கு முன்னே விழ வேண்டும். குவார்ட்டர்பேக் அரை நொடி தாமதித்தால் டைட் எண்டின் விலா எலும்பு பதில் சொல்லும்.

மூன்றாவது பந்து ஓட்டத்தோடு கட்டிய ரூட். எனக்கு மிகவும் பிடித்தது. டாக்கிளுக்கு (லைனின் ஐவரில் கடைசி ஆளுக்கு) ஒரு யார்டு பின்னே, ஒரு யார்டு வெளியே விங் போல நிற்கவையுங்கள். லைன் முழுவதும் ஒரு பக்கம் ஸோன் பிளாக்கில் நகரும்போது டைட் எண்ட் அதற்கு எதிர்த்திசையில் லைனுக்குப் பின்னால் குறுக்கே வந்து, யாரும் தொடாமல் விட்ட டிஃபென்சிவ் எண்டை (எதிரணி முன்வரிசையின் நுனி ஆளை; இனி வெறும் எண்ட்) இடிப்பார். இதை மூன்று நான்கு முறை நிஜமாகவே செய்யுங்கள், தோள் வைத்து இடிக்க வேண்டும். பிறகு அதே நிலை, அதே ஓட்டம், ஆனால் எண்டின் பக்கத்தில் உரசாமல் நழுவி ஃபிளாட்டுக்குப் போகச் சொல்லுங்கள். இடியை எதிர்பார்த்து உடம்பை இறுக்கிக்கொண்ட எண்ட் அங்கேயே நிற்பார், லைன்பேக்கர் ஓட்டத்தின் பின்னால் போயிருப்பார். பிளாக் பண்ணத் தெரியாதவரை வைத்து இந்த ஏமாற்று வேலை நடக்காது. டைட் எண்ட் ஜார்ஜ் கிட்டிலை வைத்து கோச் கைல் ஷானஹன் சான் பிரான்சிஸ்கோவில் இவ்வளவு செய்ய முடிவதற்குக் காரணம், 2018இல் அவர் எடுத்த 1,377 யார்டு மட்டுமல்ல. கிட்டில் நிஜமாகவே இடிப்பார் என்று எல்லா எண்டுகளுக்கும் தெரியும்.

நான்காவது, தனியாக நிறுத்துவது. மற்ற மூவரை ஒரு பக்கம் அடுக்கிவிட்டு டைட் எண்டை மறுபக்கம் ஒற்றையாக விடுவது. கார்னர் தன் இடத்தை விட்டு நகராமல் அவர்முன் நின்றால் பெரும்பாலும் ஸோன்; சேஃப்டியோ லைன்பேக்கரோ ஓடிவந்து நின்றால் மேன். ஸ்னாப்புக்கு முன்பே இவ்வளவு தகவல் இலவசம். இதன் மிகச் சிறந்த காட்சி 2018 பிப்ரவரி 4, சூப்பர் பௌல். 2 நிமிடம் 20 நொடி சொச்சம் பாக்கி, ஃபிலடெல்ஃபியா ஒரு புள்ளி பின்னால், மூன்றாவது டவுன், 7 யார்டு தேவை, பந்து 11 யார்டு கோட்டில். டைட் எண்ட் ஸாக் எர்ட்ஸ் ஒரு பக்கம் தனியாக. நியூ இங்கிலாந்து அவர்மேல் இரண்டாவது ஆளைப் போட்டுவிடுமோ என்பதுதான் பயம். அதனால் ரன்னிங் பேக் கோரி கிளெமென்ட்டை எதிர்ப்பக்கம் மோஷனில் (ஸ்னாப்புக்கு முன்பே பக்கவாட்டில் நகர) அனுப்பினார்கள். இரட்டைக் காவல் கலைந்தது. எர்ட்ஸ் முன்னே மிஞ்சியது சேஃப்டி டெவின் மெகோர்ட்டி மட்டும். சாதாரண ஸ்லாண்ட், குவார்ட்டர்பேக் நிக் ஃபோல்ஸின் பந்து மார்பில், எண்ட் ஸோனுக்குள் பாய்ச்சல். பாராட்டு எர்ட்ஸுக்குப் போனது, சரிதான். ஆனால் அந்த டச்டவுனில் பாதி கிளெமென்ட்டின் மோஷனுக்குச் சேரும். ஓரத்தில் நிறுத்தாதே என்று சொல்லிவிட்டு இதைப் புகழ்கிறேனே என்று கேட்கலாம். ஆட்டத்துக்கு ஐந்தாறு முறை நிறுத்துவது ஆயுதம், எல்லா பாஸுக்கும் அங்கேயே நிறுத்துவது விலாசம் கொடுப்பது.

இப்போது பெனால்டி சமாச்சாரம். டைட் எண்டை அங்குமிங்கும் நகர்த்தும் அணிகள் இதில்தான் அதிகம் மாட்டும். ஸ்னாப்பின்போது லைனில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அந்த வரிசையின் இரு நுனியில் இருப்பவர்களும், லைனுக்குப் பின்னால் இருப்பவர்களும்தான் பாஸ் பிடிக்கலாம். டைட் எண்ட் லைனில் நிற்கிறார், அவருக்கு வெளியே அதே பக்கம் வைட் ரிசீவரும் மறந்துபோய் லைனிலேயே நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டைட் எண்ட் மூடப்பட்டுவிட்டார், பாஸ் பிடிக்கும் உரிமை போயிற்று, ரூட் ஓடினால் 5 யார்டு பெனால்டி. எதிர்த்தவறும் உண்டு: லைனில் நின்ற டைட் எண்ட் பின்வாங்கி மோஷனில் மறுபக்கம் போய்விடுவார், இந்தப் பக்கம் யாரும் லைனுக்கு முன்னேற மாட்டார்கள், லைனில் ஆறே பேர், மறுபடியும் 5 யார்டு. தீர்வு வைட் ரிசீவரிடம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் உள்ளே திரும்பி டைட் எண்டைப் பார்க்க வேண்டும்: அவர் லைனில் என்றால் நான் ஒரு யார்டு பின்னே, அவர் பின்னே என்றால் நான் லைனில். பார்த்துவிட்டு ஓர லைன் ஜட்ஜிடம் கை காட்டி உறுதிசெய்துகொள்வது நல்ல பழக்கம். இடம் மாறியவர் ஒரு முழு நொடி அசையாமல் நின்ற பிறகே ஸ்னாப் எடுக்கவேண்டும் என்பதையும் அவசரத்தில் மறந்துவிடுகிறார்கள்.

லைனில் நிற்கும்போது கிளம்புவதே தனி வித்தை. எண்ட் நேர் எதிரே நின்று இரண்டு கையாலும் பிடித்துவிட்டால் ரூட் செத்தது. டாக்கிளிலிருந்து மூன்று நான்கு யார்டு விலகி நின்றால் எண்டுக்கு ஒரு தேர்வு வைக்கிறீர்கள்: கூடவே வெளியே வந்தால் உள்ளே ரன்னுக்கு இடம், வராவிட்டால் டைட் எண்ட் தடையில்லாமல் கிளம்புவார். போகிற போக்கில் எண்டுக்கு ஒரு தோள் இடி கொடுத்துவிட்டு ரூட் ஓடும் சிப், பந்து தாமதமாக வெளியேறும் ஆழ பாஸுக்கு மட்டும். இரண்டு நொடிக்குள் பந்து போகும் ஸ்டிக்கில் சிப் போடச் சொன்னால், பந்து வரும்போது ஆள் திரும்பியே இருக்க மாட்டார்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஓட்டை, நிற்கும் விதம். கை தரையில் என்றால் ரன், நிமிர்ந்து நின்றால் பாஸ் என்று ஆகிவிட்டால் எதிரணி லைன்பேக்கர் இரண்டாவது குவார்ட்டரிலேயே கண்டுபிடித்துக் கத்த ஆரம்பிப்பார். ஒவ்வொரு நிலையிலிருந்தும் ரன், பாஸ் எத்தனை என்று வாரம்தோறும் எண்ணுங்கள். எந்த நிலையிலாவது பத்தில் எட்டு ஒரே பக்கம் சாய்ந்தால் அடுத்த வாரத் திட்டத்தில் உடைக்க வேண்டும்.

சுமையையும் பார்க்க வேண்டும். டைட் எண்ட் பிராக் பவர்ஸ் 2024இல் லாஸ் வேகஸுக்காக 112 கேட்ச் பிடித்தார், எந்த இடத்தில் ஆடும் புதுமுகமும் அதுவரை தொடாத எண்ணிக்கை. அவ்வளவு ரூட் ஓடுகிறவரை மூன்றாவது டவுனில் குவார்ட்டர்பேக்கைத் தாக்கப் பாயும் எண்டுக்கு எதிரே ஒற்றையாகப் பிளாக் பண்ணவிடுவது முட்டாள்தனம். பிளாக் தெரிய வேண்டும் என்றால் எல்லாக் கனமான பிளாக்கையும் அவரே செய்ய வேண்டும் என்று பொருளில்லை. குறுக்கே வந்து இடிப்பது, டாக்கிளோடு சேர்ந்து இருவராக ஒருவரைத் தள்ளுவது, இரண்டாம் மட்டத்தில் சேஃப்டியை மறிப்பது, இவை போதும். எண்டை ஒற்றையாகத் தாங்குவதற்கு இரண்டாவது டைட் எண்ட் ஒருவரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மார்செடிஸ் லூயிஸ் 2006இல் என்எஃப்எல்லுக்கு வந்தவர். 40 வயதில், 2024இலும் சிகாகோ அவரை வைத்திருந்தது, முக்கியமாக அந்தப் பிளாக்கிங்குக்காக.