பட்டன் அமத்தினவனுக்கு என்னத்துக்குப் பேர் எண்டு கேக்கிறவைக்கு

ஒரு கட்டடத் திறப்பு விழாவும், அதுக்கு அந்தக் கட்டடத்தின்ர படம் போட்டு அடிச்ச பனரும்தான் விசயம். எஞ்சினியருக்கு மாலை, கொன்றாக்டருக்குப் பொன்னாடை, ரிபன் வெட்ட வந்தவருக்கு ரெண்டும். பனரில இருக்கிற படத்தை எடுத்த தம்பிக்கு ஒரு வரி பேர் இல்லை, காசும் இல்லை. கேட்டா "உவர் பட்டன்தானே அமத்தினவர்" எண்டு ஒரு பெரிய மனுசன் கொமென்ட், அதுக்குக் கீழ கனபேர் ஹாஹா. சிரியுங்கோ.

ஜூலியஸ் ஷுல்மன் எண்டு அமெரிக்காவில கட்டடங்களைப் படம் எடுக்கிற ஒராள் இருந்தவர். 1936இல நொய்ட்ரா எண்ட கட்டடக்கலைஞர் கட்டின வீடொண்டைச் சின்னப் பொக்கட் கமராவால எடுத்தார், நொய்ட்ரா படத்தைப் பாத்திட்டு ஆளைக் கூப்பிட்டு பிரிண்ட் வாங்கினார், அதோட துவங்கினது. 1960இல எடுத்த ஸ்டால் வீட்டுப் படத்தை நீங்களும் எங்கயாவது பாத்திருப்பியள்: மலை விளிம்பில கண்ணாடி வீடு, உள்ளுக்கு ரெண்டு பெட்டையள் இருந்து கதைக்கினம், கீழ லொஸ் ஏஞ்சல்ஸ் முழுக்க வெளிச்சம். வீடு அப்ப வேலை முடியேல்லை, தளபாடமே கொண்டுவந்து வைச்சதுதான். வீட்டு லைட்டை நிப்பாட்டி, நிமிசக்கணக்கா லென்சைத் திறந்து வைச்சு ஊர் வெளிச்சத்தைப் பிடிச்சு, பிறகு அதே பிலிமில பிளாஷ் அடிச்சுப் பிள்ளையளை எடுத்தவர். ஓம், பட்டன்தான் அமத்தினவர்! பியர் கோனிக் எண்ட கட்டடக்கலைஞர் கட்டின அந்த வீட்டைத் தெரிஞ்ச கனபேர் நேர பாத்ததே இல்லை, படத்தைத்தான் பாத்தவை.

"கட்டினவன் இல்லாட்டி எதை எடுக்கிறது" எண்டு கேப்பியள். நியாயம்தான். ஆனா மேசனுக்குக் கூலி குடுத்தியள்தானே? இன்னொருத்தர் இன்பொக்சில வந்து, ஷுல்மன் மரக்கொப்பு வெட்டிக் கமராவுக்கு முன்னுக்குப் பிடிச்சு எடுக்கிறவராம், அது ஏமாத்தாம். அண்ணை, உங்கட கலியாண அல்பத்தை எடுத்து ஒருக்காப் பாருங்கோ, அதுவும் சோடிச்சு எடுத்ததுதானே, பிறகு கதைப்பம்.

எனக்கு ஏன் இவ்வளவு கொதிக்குது எண்டா, புதுக்குடியிருப்பில எங்கட வீடு குடிபூரேக்க அப்பா ஸ்டூடியோக்கார அண்ணையைக் கூப்பிட்டவர். அவர் ஆக்களை விட்டிட்டு வீட்டையே சுத்திச் சுத்தி எடுக்கிறார் எண்டு அம்மாக்குக் கோவம். விறாந்தைப் பூக்கல்லுக்குள்ளால வெயில் வாறவரைக்கும் எல்லாரையும் முத்தத்தில நிப்பாட்டி வைச்சவர், சோறு ஆறிப்போச்சு. அப்பா அண்டைக்கே காசு குடுத்தவர், மறுபேச்சில்லை. 2009க்குப் பிறகு திரும்பிப் போகேக்க அத்திவாரம்தான் கிடந்தது. கனடாவில சித்தப்பாட்ட இருந்த அந்தப் படங்களின்ர கொப்பிதான் இப்ப எங்களிட்ட இருக்கு. இந்திய வீட்டுத் திட்டத்தில 550,000 ரூபா தந்தவை, நன்றி, கட்டிப்போட்டு இருக்கிறம், ஆனா என்ர மகள் "உங்கட வீடு எப்பிடி இருந்தது" எண்டு கேட்டா நான் எதைக் காட்டுறது? எஞ்சினியற்ர பிளானையா? வன்னியில எத்தினை குடும்பத்துக்கு அப்பிடி ஒரு படமும் இல்லை, தெரியுமா உங்களுக்கு?

"உதுக்கும் பனருக்கும் என்ன சம்மந்தம், சும்மா அழுறாய்" எண்டு எழுதப்போறியள், எழுதுங்கோ. அங்க அமெரிக்காவில 2005இல கெற்றி எண்ட கலை ஆய்வு நிறுவனம் ஷுல்மன்ர நெகட்டிவ், பிரிண்ட் எண்டு ரெண்டரை லட்சத்துக்கு மேல எடுத்துப் பத்திரமா வைச்சிருக்கு. இங்க ஒரு பேர் போட இடமில்லையாம், ஸ்பொன்சர்மாரின்ர லோகோவுக்கு மட்டும் பனரில அரைவாசி.

தம்பியின்ர பேரைப் போடுங்கோ, காசைக் குடுங்கோ. ஏலாட்டி படத்தைக் கழட்டிப்போட்டு மாலை போட்டவரின்ர மூஞ்சையையே பெருசா அடியுங்கோ. ஹாஹா போடுறவையை இண்டையில இருந்து பிளொக்.