அந்த ஐம்பது அடிப் பாம்பை அளந்தது யார்?

நேற்று ஒரு காணொளி, ஐம்பது அடி நீள அனகோண்டா என்று ஒரு பாம்பைக் காட்டியது. அதன் கீழே எனக்கு வந்த மறுமொழிகளை நீங்களும் படித்திருப்பீர்கள். 'எல்லாம் தெரிந்தவர் வந்துவிட்டார்' என்பதுதான் அவற்றிலேயே மரியாதையானது. அந்தப் பாம்பை அளந்தது யார் என்று மட்டுமே நான் கேட்டிருந்தேன். அதற்கு இந்த நிமிடம் வரை பதில் இல்லை.

2003-இன் இறுதியில் ஜாவாவில் காட்சிக்கு வைத்திருந்த மலைப்பாம்பு 14.85 மீட்டர் நீளம் என்று உலகமெங்கும் செய்தி பரவியது. ஒரு செய்தியாளர் நேரில் போய்ப் பார்த்தபோது அது 7 மீட்டரைக்கூடத் தாண்டவில்லை. வளர்ப்பில் உள்ளவற்றில் மிக நீளமானது என்று கின்னஸ் பதிவுசெய்த 'மெடூசா' என்ற மலைப்பாம்பு, 2011-இல் அளந்தபோது 7.67 மீட்டர், அதாவது சுமார் 25 அடி. இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தான் காட்டில் மயக்க மருந்து கொடுத்து அளந்த மலைப்பாம்பு 6.95 மீட்டர்.

'அமேசானுக்குள் என்ன இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்?' என்கிறார்கள். வெனிசுவேலாவின் சதுப்பு நிலங்களில் எழுநூறுக்கும் மேற்பட்ட அனகோண்டாக்களைப் பிடித்து ஆராய்ந்த ஹெசூஸ் ரிவாஸ் கண்ட மிகப் பெரியது 5.21 மீட்டர், 97.5 கிலோ. முப்பது அடிப் பாம்பை உயிருடன் கொண்டுவருவோருக்கு நியூயார்க் விலங்கியல் சங்கம் அறிவித்த பரிசு ஐம்பதாயிரம் டாலர் வரை உயர்ந்தும், அதை வாங்க ஒருவரும் வரவில்லை. டைட்டனோபோவா என்ற அழிந்துபோன ராட்சதப் பாம்பைக் காட்டி வாதிடுவோருக்கு: அது ஏறத்தாழ ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றையதைவிட வெப்பமான உலகில் வாழ்ந்தது. சுவரில் தொங்கும் முப்பது அடித் தோலும் சான்றாகாது. உரித்த தோல் இழுத்த இழுப்புக்கு நீளும்.

பிடிபட்ட மலைப்பாம்பு ஒன்றை அளக்க நானும் உடனிருந்து உதவியிருக்கிறேன். முதுகெலும்பை ஒட்டி நூலைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். பாம்பு தசையை இறுக்கும்போதெல்லாம் நூல் விலகிவிடும், மறுபடியும் தலையிலிருந்து தொடங்க வேண்டும். சுற்றி நின்றவர்கள் பதினைந்து அடி என்று அடித்துச் சொன்னார்கள். நூல் பத்து அடியை எட்டவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை, பயத்தில் அப்படித்தான் தெரியும். ஆனால் பாம்பைக் கேமராவுக்கு நெருக்கமாக வைத்து, ஆளைப் பின்னால் நிறுத்திப் படமெடுப்பவருக்கு அந்தப் பயம் கிடையாது.

'உன்னால் எதையும் ரசிக்க முடியாதா?' என்று கேட்டவர் என் நெடுநாள் நண்பர் என்பதுதான் வலிக்கிறது. எலும்புக்கு எலும்பு அசைந்து நகரும் 25 அடி உயிரை நினைத்தாலே எனக்கு மெய்சிலிர்க்கிறது. அது போதவில்லை என்று அதை இரு மடங்காக்குவதை என்னால் ரசிக்க முடியவில்லை. மேலும், அந்தக் காணொளியின் கீழே 'கண்டதும் அடித்துக் கொல்ல வேண்டும்' என்று எழுதியவர்கள் ஐம்பது அடிப் பாம்பை ஒருநாளும் காணப்போவதில்லை. அவர்கள் கையில் சிக்கப்போவது ஆறடி மலைப்பாம்பு. இதைச் சொன்னதற்காக என்னை நட்பிலிருந்து நீக்குவதென்றால் தாராளமாக நீக்குங்கள், நான் என் மறுமொழியை நீக்கப்போவதில்லை.