பாடம் பாதியில் கிடக்கட்டும்

நம் வேலைக்குக் குறுக்கே வருபவர்களை இறைவன் அனுப்பிய விருந்தினராக ஏற்கச் சொல்லும் ஒரு கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அதில் வேதாகமத்தின் மாற்கு நற்செய்தி 5-ஆம் அதிகாரத்தையும் சேர்த்திருக்கலாம். ஜெப ஆலயத் தலைவர் யவீருவின் மகள் சாகக் கிடக்கிறாள். இயேசு அங்கே போய்க்கொண்டிருக்கிறார். வழியில் 12 ஆண்டுகளாக உதிரப்போக்கால் வாடிய பெண் அவருடைய ஆடையைத் தொடுகிறாள். அவர் நின்றுவிடுகிறார். அவள் எல்லாவற்றையும் சொல்லக் கேட்கிறார். அதற்குள் சிறுமி இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. (அவளுக்கும் வயது 12.) பக்கத்தில் நின்ற தகப்பனின் தவிப்பை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. ஆனாலும் இயேசு அவசரப்படவில்லை, சிறுமியையும் எழுப்பினார்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். சனிக்கிழமை மாலை ஞாயிறு பள்ளிப் பாடத்தோடு உட்கார்ந்தால், தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்துவிடுவார். மலாய் மொழியில் வந்த கடிதத்தைப் படித்துச் சொல்ல வேண்டும். பிறகு செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டும் மகனின் முதுகுவலி, பேத்தியின் படிப்பு. முன்பு கடிகாரத்தைப் பார்த்தபடியே பதில் சொல்வேன். அது பாவம் என்றே இன்று நினைக்கிறேன். இப்போது தேநீர் கலக்கிக் கொடுத்துவிட்டுத்தான் கடிதத்தைப் பிரிக்கிறேன். போன வாரம் பேத்திக்காக ஜெபிக்கும்படி அவரே கேட்டார்.