மேலானவைகளை நாடச் சொன்ன அண்ணனுக்கு

புதன்கிழமை ஜெபக் குழுவில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்கள் யார், எவர் என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஒரு சகோதரி, கணவருக்கு வேலை போய் நாலு மாதமாகிறது, வீட்டு வாடகை பாக்கி நிற்கிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அண்ணன் ஒருவரிடமிருந்து வந்துவிட்டது, பவுல் கொலோசெ சபைக்கு எழுதிய நிருபத்திலிருந்து ஒரு வசனம், கொலோசெயர் 3:2. "பூமியிலுள்ளவைகளையல்ல, மேலானவைகளையே நாடுங்கள்." கூடவே கைகூப்பும் பொம்மை மூன்று. அதற்குக் கீழே வரிசையாக ஆமென்.

எனக்கு வயிறு எரிந்தது.

வசனத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சின்ன வயதில் மனப்பாடம் செய்த வசனம் அது. ஆனால் அண்ணே, அதோடு வேதாகமத்தை மூடி வைத்துவிட்டீர்களே! இன்னும் மூன்று வசனம் தள்ளிப் படித்திருந்தால், பவுல் எதைப் பூமிக்குரியது என்கிறார் என்று தெரிந்திருக்கும். விபசாரம், அசுத்தம், மோகம், துர்இச்சை, பொருளாசை. எட்டாம் வசனத்தில் கோபம், மூர்க்கம், தூஷணம். ஒன்பதில் பொய். நானும் தேடித்தான் பார்த்தேன், வாடகை அந்தப் பட்டியலில் இல்லை.

சரி, மேலானவற்றை நாடுகிறவன் எப்படி இருப்பான்? அதுவும் அங்கேயே இருக்கிறது, 12ஆம் வசனத்தில். உருக்கமான இரக்கம், தயவு, மனத்தாழ்மை, சாந்தம், நீடிய பொறுமை. இதில் எதைச் செய்வதானாலும் எதிரில் ஒரு மனுஷன் வேண்டும். அதோடு நிற்கிறாரா? பிள்ளைகளை மனம் உடையும்படி கோபப்படுத்தாதீர்கள் என்கிறார். 4:1இல் எஜமான்களைப் பிடித்து, வேலைக்காரருக்கு நியாயமானதைச் செய்யுங்கள் என்கிறார். மேலே பார்க்கச் சொல்லி ஆரம்பித்தவர் வீட்டுக்குள்ளேயும் வேலையிடத்திலேயும்தான் வந்து இறங்குகிறார். வாடகைக்காக அழுகிறவளை அடக்க அந்த வசனம் எழுதப்படவில்லை. திரும்பவும் சொல்கிறேன், அதற்காக எழுதப்படவே இல்லை.

"அப்படியானால் வசனம் சொல்வதே தப்பா?" என்று ஒருவர் கிளம்புவார். தப்பில்லை. எந்த நேரத்தில், யாரிடம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? இந்த நிருபத்தை எழுதும்போது பவுல் விலங்கோடு இருக்கிறார். எங்களுக்காகவும் ஜெபியுங்கள் என்று அவரே கேட்கிறார். கடைசி வசனத்தில், என் கட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது துரோவாவில் கார்ப்பு வீட்டில் வைத்துவிட்டு வந்த மேலங்கியைக் கொண்டுவா, மாரிகாலத்துக்கு முன் வந்து சேர் என்கிறார். குளிருமே! நல்லவேளை, தீமோத்தேயு நம் குழுவில் இல்லை. இருந்திருந்தால் மேலங்கிக்குப் பதில் ஒரு வசனம் போயிருக்கும்.

"கவலைப்படாதிருங்கள் என்று இயேசுவே சொன்னாரே?" சொன்னார், மத்தேயு 6இல். அதே அதிகாரத்தில்தான், வேண்டிய ஆகாரத்தை இன்று தாரும் என்று கேட்கவும் கற்றுக்கொடுத்தார். நான் வளைக்கவில்லை, எடுத்துப் பாருங்கள்.

இன்னொரு ஆட்சேபத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இன்று பல மேடைகளில் வீடு, கார், வெளிநாட்டு விசா என்றே ஆசீர்வாதம் பேசப்படுகிறது, இந்த வசனம் அதற்கு மருந்து என்பார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மருந்தை அந்த மேடைக்கு ஏன் யாரும் கொண்டுபோவதில்லை? போன மாதம் இதே குழுவில் புது ஒலிபெருக்கிக்குக் காணிக்கை கேட்டார்கள். அப்போது கொலோசெயர் 3:2 எங்கே போயிருந்தது? ஒலிபெருக்கி மேலானவைகளில் சேர்த்தி போலும், உயரத்தில் மாட்டுவதால்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று வீட்டிலும் கேட்டார்கள். சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் என் சொந்தத் தம்பி அவசரத்துக்குப் பணம் கேட்டான். என்னிடம் இருந்தது, கொடுக்க மனமில்லை. "உலகத்துக்குரிய காரியங்களில் ரொம்ப மாட்டிக்கொள்ளாதேடா, மேலே பார்" என்றேன். வசனம் எனக்கு அவ்வளவு வசதியாக இருந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை, "சரிண்ணே" என்று போனை வைத்தான். அதற்குப் பிறகு இன்றுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை. ஜெபம்கூட.

அப்பாவை அடக்கம் பண்ணின அன்று என் முறை வந்தது. கல்லறைப் பக்கத்தில் தோளைத் தட்டி, "அழாதீங்க, அவர் மேலான இடத்துக்குப் போய்விட்டார்" என்றார் ஒரு பெரியவர். நம்பிக்கையற்றவர்களைப்போல் துக்கப்படாதீர்கள் என்றுதானே பவுல் எழுதினார்? துக்கமே படாதீர்கள் என்று எங்கே எழுதினார்? இறந்துபோன லாசருவை எழுப்பப்போகிற இயேசுவே கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். அந்தப் பெரியவரிடம் இதைக் கேட்க எனக்கு அன்று வாய் வரவில்லை. தம்பி என் பக்கத்தில்தான் நின்றான். என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

"இதைத் தனியாக அண்ணனிடம் சொல்லியிருக்கலாமே, பொதுவில் எதற்கு?" என்பவர்களுக்கு: அந்தச் சகோதரிக்கு அவர் தனியாகவா சொன்னார்?

வியாழன் காலையில் அந்தச் சகோதரி குழுவை விட்டு வெளியேறியிருந்தார். அந்த ஒரு வரிக்குக் கீழே யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்ததாக வந்து விழுந்தது, பூப்படம் போட்ட காலை வாழ்த்து. நானும் இன்னும் அவருக்குப் போன் செய்யவில்லை. இரண்டு நாளாக இந்தப் பதிவைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.