கிராண்டைக் கொடுத்ததும் பெயர் மாறிவிடாது

பழைய காரை விற்கும்போது கிராண்ட் (வண்டியின் பதிவுச் சான்றிதழ்), சாவி, கையெழுத்திட்ட கடிதம் கொடுத்தால் போதும், அன்றே பொறுப்பு முடிந்தது என்கிறார் நண்பர். மலேசியாவில், சுங்கை சிப்புட் தோட்டப் பக்கம் பலரும் இப்படித்தான் விற்கிறார்கள், ஆனால் அது சரியல்லங்க. ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவில் வாங்கியவர் பெயர் ஏறும்வரை சம்மன் உங்கள் பெயருக்குத்தான் வரும். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், 13ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள்: வண்டி கைமாறிய 7 நாளுக்குள் விற்றவர் ஜேபிஜேவுக்குத் தெரிவிக்க வேண்டும்; தன் பெயரில் பதியாமல் வாங்கியவர் அதற்கு மேல் ஓட்டவும் கூடாது. சந்தேகம் இருந்தால் மைஜேபிஜே செயலியைத் திறந்து, உங்கள் பெயரில் உள்ள வண்டிகளைப் பாருங்கள். விற்ற காரின் எண் இன்னும் அங்கே இருந்தால், பெயர் மாறவில்லை.