சுவரைக் கொஞ்சம் சும்மா விடுங்கள்

பாலர் பள்ளியைச் சுற்றிப் பார்க்க வரும் பெற்றோர் முதலில் பார்ப்பது சுவரைத்தான். உயிரெழுத்து அட்டை, பொங்கல் பானை, மயில், லேமினேட் செய்த பழங்களின் பெயர்கள் என்று சுவர் நிறைந்திருந்தால், இங்கே தமிழ் நன்றாகச் சொல்லித் தருகிறார்கள் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் கட்டணம், சாப்பாடு, தூக்க நேரம் பற்றிய கேள்விகள்.

சிங்கப்பூர்ப் பாலர் பள்ளிகளில் தமிழ் சொல்லித் தருவதுதான் என் பிழைப்பு. பல நிலையங்களைப் பார்த்துவிட்டேன். அந்தச் சுவர் பெரியவர்களுக்காகச் செய்யப்படுவது என்பது என் கட்சி. பெற்றோர் பார்க்க, வருகை தரும் அதிகாரிகள் பார்க்க, முகநூலில் போட. நாலு வயதுப் பிள்ளைக்கு அதைப் படிக்கத் தெரியாது. பாதி அட்டைகள் அதன் தலைக்கு மேலே ஓரடி உயரத்தில் தொங்கும். அந்தப் பிள்ளை தமிழில் வாயைத் திறக்க வேண்டும், இன்னொருவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்றால், அறையில் இருக்கும் சத்தத்தையும் சாமான்களையும் டீச்சர் உட்காரும் இடத்தையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நம் பிள்ளைகளின் நிலைமை தெரிந்ததுதான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்றார்கள். 2010இல் அது 32.3 விழுக்காடு. 2020இல் தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் என்பது பாட்டி வீட்டு மொழி, அல்லது அப்பாவும் அம்மாவும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழி. கேட்டால் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளில் தாய்மொழிக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் உண்டு. மற்ற நிலையங்களில் இது கூடும், குறையும். சில இடங்களில் தமிழே இல்லை. கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம் எப்படிப்பட்ட இடத்தில் நடக்கிறது என்பதுதான் என் கவலை.

சத்தத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். இதை யாரும் பேசுவதில்லை. நம் பாலர் பள்ளிகள் பல வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கின்றன. ஓடு பதித்த தரை, கண்ணாடிக் கதவு, கான்கிரீட் கூரை. எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட இரைச்சல் பற்றிய வழிகாட்டி, பாட நேரத்தில் வகுப்பறையின் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது, எதிரொலி அடங்கும் நேரம் 0.6 வினாடி அளவில் இருக்க வேண்டும் என்கிறது. நம் அறையில் ஒரு பிள்ளை கூட இல்லாமல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றினாலே அந்த 35ஐ எட்டிவிடும்.

பெரியவர்களுக்கு இது உறைக்காது. பாதிச் சொல் காதில் விழுந்தால் மீதியை நாமே நிரப்பிக்கொள்வோம். பிள்ளைக்கு நிரப்பிக்கொள்ள இன்னும் சொற்கள் சேரவில்லை. அதுவும் நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் கேட்கும் மொழியில்! ல, ள, ழ என்று நான் தொண்டை வறளச் சொல்லும் வேறுபாடு மின்விசிறிச் சத்தத்தில் கரைந்துபோகிறது. அப்புறம் 'பிள்ளைக்கு உச்சரிப்பு வரவில்லை' என்று அறிக்கையில் எழுதுகிறோம்.

ஒரு நிலையத்தில் எனக்கு ஒதுக்கிய இடத்தைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பெரிய அறை, நடுவில் இடுப்பளவு புத்தக அலமாரி. அந்தப் பக்கம் பதினைந்து பிள்ளைகள் சீன டீச்சரோடு கைதட்டிப் பாடுவார்கள். இந்தப் பக்கம், சமையலறைக் கதவை ஒட்டி, நானும் ஐந்தாறு தமிழ்ப் பிள்ளைகளும். எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பையனின் வாய், மெல்ல மெல்ல, அலமாரிக்கு அந்தப் பக்கத்துப் பாட்டை முணுமுணுக்க ஆரம்பிக்கும். அவனைக் குறை சொல்ல முடியுமா? அந்தப் பாட்டுதான் அவனுக்குத் தெளிவாகக் கேட்கிறது. கூட்டம் எங்கே அதிகமோ அந்தப் பக்கம் காது போகும். இரண்டு தாய்மொழி வகுப்புகளையும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் வைப்பது அட்டவணை போடுகிறவர்களுக்கு வசதி. நாங்கள் குழந்தைகளின் தூக்க அறைக்கு இடம் மாறினோம். சுவர் மொட்டை, தரையில் மெத்தை, ஜன்னலில் கனத்த திரை. நான் வேலை பார்த்த இடங்களிலேயே பேசிப் பழக அதைவிட நல்ல அறை அமையவில்லை. மெத்தையும் திரையும் எதிரொலியை விழுங்கிவிட்டன.

பணம் போட்டுச் செய்ய வேண்டியவை உண்டு: கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை, கம்பளம். பணமில்லாமல் செய்யக்கூடியவையும் உண்டு. நாற்காலிக் கால்களுக்குத் துணி கட்டலாம். கதை சொல்லும் பத்து நிமிடம் மின்விசிறியை மெதுவாக்கலாம். எல்லாவற்றையும் விட, பக்கத்தில் போய் உட்காரலாம். எதிரொலி இல்லாத இடத்தில் தூரம் இரட்டிப்பானால் குரல் சுமார் 6 டெசிபல் குறையும் என்பது இயற்பியல். நாலு மீட்டர் தள்ளி நின்று கத்தும் டீச்சர் ஒரு மீட்டர் தூரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தால் அவருக்கும் தொண்டை மிச்சம்.

அடுத்தது சாமான்கள். இதைப் பற்றி எனக்குப் பேசத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது.

பெரும்பாலான பாலர் பள்ளிகளில் வீட்டு விளையாட்டு மூலை இருக்கும். அதில் பிளாஸ்டிக் பீட்சா, பர்கர், ரொட்டி சுடும் கருவி, கல்லாப்பெட்டி. தமிழ் நேரத்தில் பிள்ளைகளை அங்கே விட்டால் ஆங்கிலம்தான் வரும், 'தமிழில் பேசுங்க, தமிழில் பேசுங்க' என்று நாம் பின்னாலேயே ஓடிக்கொண்டிருப்போம். பீட்சாவை அந்தப் பிள்ளை வாழ்நாளில் தமிழில் கேட்டு வாங்கியதே இல்லை. பிறகு எங்கிருந்து தமிழ் வரும்?

நான் ஒரு இட்லிப் பானை, ஒரு முறம், அஞ்சறைப் பெட்டி, ஒரு தூக்குவாளி, சில வாழை இலைத் துண்டுகள் கொண்டுபோய் வைத்தேன். பானை தேக்காவில் (லிட்டில் இந்தியா) வாங்கியது, சின்ன அளவு. வகுப்பில் தமிழில் ஒரு வார்த்தை பேசாத சிறுமி மூடியைத் தூக்கினாள், சட்டென்று பின்னால் நகர்ந்து, 'ஆவி வருது, தள்ளிப் போ!' என்றாள். அப்படியே ஒரு பாட்டியின் குரல். பக்கத்தில் நின்ற பையன், 'சட்னி எங்க?' என்றான். 'சட்னி தீந்துபோச்சு. நாளைக்கு வா.' அவன் விடவில்லை. 'சாம்பார் இருக்கா?' இப்படியே போனது. நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பொருள்களோடு வீட்டில் கேட்ட பேச்சும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எல்லாருக்கும் எல்லாம் இருந்தால் பேச்சு வராது. ஆளுக்கொரு கரண்டி கொடுத்தால் ஆளுக்கொரு மூலையில் கிண்டிக்கொண்டிருப்பார்கள். நான் ஒரு கரண்டி குறைவாக வைப்பேன். 'குடு', 'இரு, நான் முடிச்சுட்டுத் தரேன்', 'டீச்சர், இவன் தரமாட்டேங்கிறான்' என்று மூன்று நிமிடத்தில் ஐந்து வகை வாக்கியம் வந்துவிடும். சண்டை முற்றினால் போய்ப் பிரித்துவிட வேண்டும், அது வேறு கதை. சாமான்களை அள்ளிக் கொட்டவும் கூடாது. நாலைந்து போதும், சில வாரங்களில் மாற்ற வேண்டும். முருங்கைக்காய், பாகற்காய், தேங்காய் என்று ஒரு வாரம் சந்தைக் கடை போட்டால், பாகற்காயை யாரும் வாங்க மாட்டார்கள், கடைக்காரப் பிள்ளை அதை எப்படியாவது தள்ளிவிடப் பார்க்கும். அந்தப் பேரத்தைக் காசு கொடுத்துப் பார்க்கலாம்.

கூச்சப்படும் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன இடம் வேண்டும். பாலர் பள்ளிகளை மேற்பார்வையிடும் அரசு அமைப்பான இசிடிஏவின் விதிப்படி பிள்ளை ஒன்றுக்கு 3 சதுர மீட்டர் இடம். ஆறு வயதுப் பிள்ளைகளின் கே2 வகுப்பில் ஒரு ஆசிரியருக்கு 25 பிள்ளைகள் வரை. இருபத்தைந்து பேர் முன்னால் 'எழுந்து நின்று சொல்' என்றால் எனக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு மேசையின் மேல் பழைய வேட்டியைப் போட்டால் கூடாரம் தயார். இரண்டு பேர்தான் நுழைய முடியும். வேட்டி மெல்லியது என்பதால் வெளியிலிருந்து உள்ளே தெரியும், 'பிள்ளைகள் எப்போதும் கண்பார்வையில் இருக்க வேண்டுமே' என்ற மேற்பார்வையாளரின் கவலைக்கும் அது பதில். உள்ளே இரண்டு பேர் ரகசியம் பேசுவார்கள். முதலில் ஆங்கிலத்தில், வேட்டிக்குள் ஒரு தமிழ்ப் படப் புத்தகமோ கைப்பாவையோ இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து.

கேட்டல் என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதைத்தான் நினைக்கிறோம். அது கீழ்ப்படிதல். இரண்டு பிள்ளைகளை முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வைத்து, ஒரே மாதிரி தட்டும் சாமான்களும் கொடுத்து, ஒருவர் சொல்ல மற்றவர் அடுக்கிப் பார்க்கட்டும். 'சிவப்பு மேல வை' என்பதில் எதன் மேல் என்று சொல்லாவிட்டால் தட்டு தப்பாகிவிடும், பிள்ளைகளே கண்டுபிடித்துத் திட்டிக்கொள்வார்கள். இன்னொன்று, புளோக்கைச் சுற்றி ஒரு நடை. பேச்சே இல்லாமல் நடந்து, திரும்பி வந்து என்னென்ன கேட்டது என்று சொல்வது. நம் ஊரில் குயிலுக்குப் பஞ்சமில்லை. விடியற்காலையில் அதன் கூவலைக் கேட்டு எரிச்சல்படும் அண்டைவீட்டாரும் உண்டு. 'குயில் கத்துச்சு, அந்த ஆண்ட்டி ஜன்னலைச் சாத்துனாங்க' என்று ஒரு பிள்ளை சொன்னபோது, அது முழு வாக்கியம் என்பதை விட, இரண்டு ஒலிகளைச் சேர்த்து ஒரு கதை ஆக்கிவிட்டதே என்றுதான் எனக்கு மகிழ்ச்சி.

இடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எதிரில் இருக்கும் பெரியவர் பொறுமையாக இல்லாவிட்டால் எல்லாம் வீண். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே எழுதினார். மூன்று வினாடி காத்திருந்தால் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மூன்று வினாடியே நமக்கு யுகமாகத் தெரியும். ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழ்ச் சொல்லைத் தேடும் பிள்ளைக்கு அதற்கு மேலும் வேண்டும். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நாலிலிருந்து ஆறு வயதுக்குட்பட்ட 36 பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னதும் இதற்குப் பக்கத்தில் வருகிறது: எத்தனை சொற்கள் காதில் விழுந்தன என்பதை விட, பிள்ளையும் பெரியவரும் மாறி மாறி எத்தனை முறை பேசிக்கொண்டார்கள் என்பதுதான் மூளையின் மொழிப் பகுதி வேலை செய்வதோடு தொடர்புடையதாகத் தெரிந்தது. திரையில் தமிழ்ப் பாட்டை ஓடவிட்டுவிட்டு டீச்சர் கோப்புகளைத் திருத்துவதில் இந்த மாறி மாறிப் பேசுதல் இல்லை.

'வேணும்' என்று சொன்னால் 'வேண்டும் என்று சொல்' என்று திருத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2005ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் தரச் சொல்லிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இட்லிக் கடையில் நின்றுகொண்டு 'எனக்கு இரண்டு இட்லிகள் வேண்டும்' என்று யார் பேசுகிறார்கள்? எழுத்துத் தமிழ் கதைப் புத்தகத்தின் வழியே வரட்டும்.

எனக்கு ஒரு நிலையத்தின் தமிழ்ச் செலவுக் கணக்கைக் கொடுத்தால், அட்டைகளுக்குப் போகும் பணத்தை நிறுத்திவிட்டு, தமிழ் டீச்சரை மதியச் சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளோடு உட்கார வைப்பேன். 'இன்னைக்கு என்ன மீன்?', 'காரமா இருக்கு', 'தண்ணி ஊத்துங்க' என்று தேவையே பேச வைக்கும் இடம் அது. இப்போது பல இடங்களில் தமிழ் டீச்சர் கூடையைத் தூக்கிக்கொண்டு ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு ஓடுகிறார், பிள்ளை சாப்பிடும் நேரத்தில் பேருந்தில் இருக்கிறார்.

சுற்றுச்சூழல் மூன்றாவது ஆசிரியர் என்ற இத்தாலியின் ரெஜியோ எமிலியா பள்ளிகளின் கருத்தைப் பயிற்சி வகுப்புகளில் ஓயாமல் கேட்கிறோம். ஒரு நிலையத்தில் அந்த வாக்கியத்தையே அழகாக அச்சடித்துச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். எங்கே? சுவரில்தான்.

பெற்றோர் சிலர் 'இதெல்லாம் விளையாட்டு, தொடக்கநிலை ஒன்றுக்கு எழுதத் தெரிய வேண்டாமா' என்பார்கள். நியாயமான பயம். பேச்சில் 'சட்னி தீந்துபோச்சு' என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அதை எழுதச் சொல்லித் தருவது எளிது. பேசவே தெரியாத பிள்ளைக்கு எழுத்தைப் பழக்கினால் அது கோடு வரைகிற பயிற்சி மட்டும்தான். இதில் நான் பிடிவாதக்காரி.

ஆகவே அடுத்த முறை பாலர் பள்ளி பார்க்கப் போகிறவர்களுக்கு: தமிழ் வகுப்பு எந்த அறையில், பக்கத்தில் அப்போது என்ன நடக்கும், டீச்சர் எங்கே உட்கார்வார், ஒரு குழுவில் எத்தனை பேர், தமிழ் விளையாட்டுச் சாமான் என்னென்ன இருக்கிறது என்று கேளுங்கள். முடிந்தால் தமிழ் நேரத்திலேயே போங்கள், அறை வாசலில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். யாருடைய குரல் அதிகம் கேட்கிறது என்று பாருங்கள்.

ஏற்கெனவே பிள்ளையைச் சேர்த்துவிட்டவர்கள், வீட்டில் சும்மா கிடக்கும் சின்ன இட்லித் தட்டு, தூக்குவாளி, முறம், பித்தளைச் சொப்பு இருந்தால் உங்கள் நிலையத்துத் தமிழ் டீச்சரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். கழுவிக் கொடுங்கள். விளிம்பு கூராக இருப்பதும் துரு பிடித்ததும் வேண்டாம், கண்ணாடி வேண்டவே வேண்டாம். ஒரே மாதிரி கரண்டி இரண்டு இருந்தால், ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.