மூணு கிலோமீட்டர்தானே!

ஞாயிற்றுக்கிழமை விவகாரம் நம் சைக்கிள் குரூப்பில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு: குரூப்பில் ஒருவர் போட்டுக் கொடுத்த ரூட்டில் நடுவே மூணு கிலோமீட்டருக்கு மேல் லாரி ரோடு வந்தது, அதை ரூட்டில் ஒரு வரி எழுதுங்கள் என்று கமெண்ட் போட்டேன். நான் போட்ட நாலு வரிக் கமெண்ட், அதற்குக் கீழே வரிசைகட்டி வந்த சிரிப்பு எமோஜிகள், "அண்ணே, மூணு கிலோமீட்டர்தானே!" என்ற பதில், எல்லாம் ஸ்க்ரீன்ஷாட்டாகச் சுற்றி எனக்கே இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. அனுப்பியவர்களுக்கு நன்றி. நான் எழுதியது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ரூட்டின் தலைப்பை இன்னொரு தடவை பார்த்துவிடுவோம். "வண்டி வாகனமே இல்லாத கடலோரச் சரளைப் பாதை, 52 கி.மீ." அந்த "வாகனமே"வில் ஒரு ஏகாரம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தேற்ற ஏகாரம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். சந்தேகமே வேண்டாம், உறுதி என்று பொருள். அந்த ஏகாரத்தை நம்பித்தான் அக்காவையும் அவள் பையனையும் கூட்டிப்போனேன். 31-வது கிலோமீட்டரில் அந்த உறுதி போய் லாரி வந்தது. அதைக் கேட்டால் "தானே" என்று இன்னொரு ஏகாரம் பதிலாக வருகிறது.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். வண்டி இல்லாத பாதை என்று எழுதினால் வண்டி இருக்கக் கூடாது. 52-ல் 48.6 கிலோமீட்டர் சுத்தமாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பயந்தவரைக் கூட்டிப்போகும்போது ஒரு பாதையை அதன் நல்ல கிலோமீட்டர்களை வைத்து அளக்க முடியாது. மிக மோசமான கிலோமீட்டர் எதுவோ, அதுதான் அவருக்கு அந்தப் பாதை.

அந்த 31 கிலோமீட்டரைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், இல்லையென்றால் குறை சொல்லவே பிறந்தவன் என்பீர்கள். அருமையான பாதை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், நடுவில் நன்றாக இறுகிய சரளை. திருப்பங்களில் மட்டும் காற்று மணலைக் கொண்டுவந்து குவித்திருந்தது. அக்கா சைக்கிள் தொட்டே ஆறு வருடம் ஆகியிருந்தது. மணலில் பிரேக் பிடிக்காதே, கையைத் தளர்த்து, மிதிப்பதை மட்டும் நிறுத்தாதே என்று சொல்லிக்கொடுத்தேன். 40 மில்லிமீட்டர் டயரில் கொஞ்சம் காற்றையும் இறக்கிவிட்டேன். முதல் மணல் திட்டில் கத்தினாள். மூன்றாவதில் சிரித்தாள். பையன் முன்னால் போய்ப் போய்த் திரும்பி வந்து, எங்களை ஆமைகள் என்று சொல்லிவிட்டு மறுபடி பறந்தான். ஆறு வருடம் முன்னால் அக்கா ஏன் சைக்கிளை விட்டாள் என்பது இங்கே பலருக்குத் தெரியும். தெரியாதவர்கள் கேட்க வேண்டாம்.

அப்புறம் அந்த ரோடு. ஓரம் என்று ஒன்று இல்லவே இல்லை. தார் முடிகிற இடத்தில் ஒரு சாண் பள்ளம், அதற்கப்பால் முள். லாரி கடக்கும்போது காற்று முதலில் நம்மை வெளியே தள்ளும், கடந்த மறுநொடியே உள்ளே இழுக்கும். ஓட்டிப் பழகியவனுக்கு அது தோளில் தெரியும், உடம்பு தானாகச் சமாளிக்கும். பழகாதவருக்கு ஹேண்டில்பாரில் தெரியும். இரண்டாவது லாரியில் அக்கா இறங்கிவிட்டாள். மீதித் தூரம் முழுக்க முள்ளுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

"மூணு கிலோமீட்டர்தானே." சரி, கணக்குப் போடுவோம். அளந்தால் 3.4. குரூப்பில் பதில் சொன்ன தம்பி மணிக்கு 30-ல் போகிறவர், அவருக்கு ஏழு நிமிடம். 12-ல் போகிற பையனுக்குப் பதினேழு நிமிடம். தள்ளிக்கொண்டு நடந்தவளுக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல். ஒரே ரோடு, ஒரே லாரிகள். யாருக்குப் பயம் அதிகமோ அவர்தான் அங்கே அதிக நேரம் இருக்கிறார். இதைத்தான் கமெண்டில் எழுதினேன். இதற்குத்தான் சிரிப்பு.

"மேப்பைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாமே" என்றார் ஒருவர். பார்த்தேன் சார். முழு ரூட்டும் ஒரே நீல நிறக் கோடு. சரளை எது, தார் எது, லாரி எது என்று கோடு சொல்லாது. சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒருவர் உறுதியாகச் சொன்னதை இன்னொருவர் உளவு பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்றால் தலைப்பு எதற்கு?

"நூறு சதவீதம் வண்டியில்லாத பாதை உலகத்திலேயே கிடையாது" என்று இன்னொருவர், ரொம்ப ஞானமாக. உலகத்தை இழுத்ததால் சொல்கிறேன். நியூசிலாந்தில் ஒடாகோ சென்ட்ரல் ரயில் பாதை என்று இருக்கிறது. 1990-ல் ரயிலை நிறுத்தினார்கள், தண்டவாளத்தை எடுத்தார்கள், 2000-ல் சைக்கிளுக்குத் திறந்தார்கள். 150 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், சரளை. குறுக்கே ரோடு வரும், கடந்து போகலாம். வண்டிகளோடு சேர்ந்து ஓட்ட வேண்டியதில்லை. பழைய ரயில் பாதைகள் இதற்கு ஏன் இவ்வளவு பொருத்தம் என்றால், ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதற்காக மலையை வெட்டி, பள்ளத்தை மேடாக்கி, சரிவை மென்மையாக்கி வைத்திருப்பார்கள். புதிதாக ஓட்டுகிறவரின் முழங்காலுக்கு அந்தப் பழைய இன்ஜினியர்கள் அன்றே யோசித்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் கிரேட் அலெகெனி பாசேஜ். பிட்ஸ்பர்க்கிலிருந்து கம்பர்லண்ட் வரை சுமார் 240 கிலோமீட்டர், பெரும்பாலும் நொறுக்கிய சுண்ணாம்புக்கல். முதல் துண்டு 1986-ல் திறந்தது, முழுதாக முடிந்தது 2013-ல். கடைசியில் மிச்சமிருந்தது ஏறத்தாழ ஒரு மைல். அந்த ஒரு மைலுக்காக வருடக்கணக்கில் பேசினார்கள். "ஒரு மைல்தானே" என்று அவர்களும் சொல்லியிருக்கலாம். ஒரு எமோஜியும் போட்டிருக்கலாம்.

பிரிட்டன் கதை இன்னும் பொருத்தம். அங்கே தேசிய சைக்கிள் வலைப்பின்னலைக் கவனிக்கும் அமைப்பு (அப்போது அதன் பெயர் சஸ்ட்ரான்ஸ்) 2018-ல் தன் பாதைகளைத் தானே ஆய்வு செய்தது. மூன்றில் ஒரு பங்குதான் வண்டியில்லாத பாதை, மீதி ரோட்டில் போகிறது என்று தானே எழுதி வெளியிட்டது. 2020-ல், போதுமான பாதுகாப்பு இல்லை என்று ஏறத்தாழ கால்வாசியை வலைப்பின்னலிலிருந்து நீக்கியது அல்லது தகுதி மாற்றியது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். அந்த ரோடுகள் எங்கும் போய்விடவில்லை, போகிறவர் போகலாம். பெயரை மட்டும் எடுத்துவிட்டார்கள். நான் கேட்பதும் அவ்வளவுதான். ரோட்டை மூடு என்றா கேட்டேன்? தலைப்பை மாற்று என்றேன்.

அவர்கள் வைத்துக்கொண்ட அளவுகோல் என்ன தெரியுமா? 12 வயதுக் குழந்தை தனியாகப் போகலாமா என்பது. அக்கா பையனுக்கு வயது 12.

"அப்போ எல்லாவற்றுக்கும் தார் போட்டுவிடச் சொல்லுங்க" என்று கிண்டல் செய்தவருக்கு நீளமாகப் பதில் சொல்லப்போவதில்லை. பிரச்சினை சரளை இல்லை, லாரி. இத்தாலியில் டஸ்கனியின் வெள்ளைச் சரளை ரோடுகள் தாருக்குள் மறையாமல் இருக்க வேண்டும் என்றே 1997-ல் லெரோய்கா என்ற சைக்கிள் நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். எனக்கும் சரளைதான் பிடிக்கும். அடுத்தவர்.

அடுத்தவர்தான் உண்மையில் வலித்தவர். "அவர் சும்மா கிடைத்த நேரத்தில் காசு வாங்காமல் ரூட் போட்டுத் தருகிறார், அதில் குறையா?" இதில் நியாயம் இருக்கிறது. ரூட் போட்ட தம்பியின் உழைப்பு எனக்குத் தெரியும். மழை முடிந்ததும் எந்த ஓடையில் தண்ணீர் வடிந்தது என்று நேரில் போய்ப் பார்த்துச் சொல்கிறவர். ஆனால் இலவசமாகக் கொடுத்தால் தப்பு தப்பில்லை என்று ஆகிவிடுமா? அதோடு நான் திட்டவில்லை. "31 முதல் 34.4 வரை ரோடு, குழந்தைகளோடு வருகிறவர்கள் கவனிக்கவும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். ஒரே ஒரு வரி. நாலு வரியில் ஒரு வரி கேட்டதற்கு அறுபது எமோஜி.

"பயமா இருந்தா வீட்ல ட்ரெய்னர் போட்டு ஓட்டச் சொல்லுங்க." ட்ரெய்னர் என்றால் சைக்கிளை வீட்டுக்குள்ளேயே நிறுத்தி மிதிக்கிற ஸ்டாண்ட். யார் எழுதியது என்று சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரியும். அக்காவும் அந்தக் குரூப்பில் இருக்கிறாள், அதுவும் அவருக்குத் தெரியும்.

சரி, என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாராவது தோண்டி எடுத்துப் போடுவார்கள். நாலைந்து வருடம் முன்னால் நானும் இப்படி ஒரு ரூட் போட்டுக் கொடுத்தேன், கூட வேலை பார்த்த ஒருவருக்கு. "நடுவுல சின்னதா ஒரு ரோடு வரும், பரவாயில்லை" என்று சொல்லியிருந்தேன். வந்தார், ஓட்டினார், நல்லா இருந்தது என்றார். அதற்குப் பிறகு வரவே இல்லை. கூப்பிடும்போதெல்லாம் வேலை, உடம்பு சரியில்லை, ஊருக்குப் போகிறேன். அவருக்கு இதில் ஆர்வம் இல்லை போல என்று நான் முடிவு செய்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை முள்ளுக்குள் அக்காவின் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தபோதுதான், அவர் அந்த "சின்னதா ஒரு ரோடு" முழுக்க எப்படி ஓட்டியிருப்பார் என்று யோசித்தேன். நான் முன்னால் போய்விட்டிருந்தேன். திரும்பிப் பார்த்த ஞாபகம் இல்லை.

நம் குரூப்பில் வேகமாக ஓட்டுகிறவர்கள் ரூட் போடுகிறார்கள், வேகமாக ஓட்டுகிறவர்கள் லைக் போடுகிறார்கள். நின்றுபோனவர்கள் கமெண்ட் எழுதுவதில்லை. அவர்கள் சத்தமில்லாமல் போய்விடுகிறார்கள், நாம் "ஆர்வமில்லை" என்று எழுதிக்கொள்கிறோம். நான் கோபமாக எழுதுகிறேன் என்றால் அதற்காகத்தான், ஸ்க்ரீன்ஷாட்டுக்காக இல்லை. சரி, கொஞ்சம் ஸ்க்ரீன்ஷாட்டுக்காகவும்தான்.

நேற்று பையன் போன் செய்தான். "மாமா, அடுத்த தடவை 31-லேயே திரும்பிடலாமா?" போக வர 62 ஆகிவிடுமே, சுற்றி வருவதைவிடப் பத்து கிலோமீட்டர் அதிகம், திரும்பும்போது எதிர்காற்று வேறு என்றேன். பரவாயில்லை என்றான். அம்மா வருவாளா என்று கேட்டேன். நீங்களே கேளுங்க என்று சொல்லி வைத்துவிட்டான்.

இன்னும் கேட்கவில்லை.